நீரில் திரும்ப விட்ட மீன்

மார்க்கக் கேள்விகளுள் சிலவற்றுக்குக் கிதாபைத் திறந்தவுடன் விடை கிடைத்துவிடும். வேறு சில கேள்விகளோ கிதாபைத் திறந்த பின்னர்தான் தொடங்குகின்றன. சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு வந்த கடிதம் ஒன்று இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

எழுதியவர் இளமையில் என்னிடம் ஓதியவர். பின்னர் பொறியியல் பயின்று, அமெரிக்காவின் வட எல்லையிலுள்ள மின்னசோட்டா மாநிலத்தில் பணியேற்றவர். ஸலாம் கூறி, வீட்டார் நலம் விசாரித்த பின் அவர் எழுதியிருந்தது இது:

"ஹஜ்ரத், இங்கே கோடை வந்துவிட்டால் ஊரே ஏரிக்கரைக்குப் போய்விடுகிறது. அலுவலகத் தோழர்கள் அழைத்ததால் நானும் உரிமச்சீட்டு வாங்கிக்கொண்டு மில் லாக்ஸ் ஏரிக்குப் போனேன். ஜூலை மாதம், நல்ல வெயில். ஆழத்தில் விட்ட என் தூண்டிலில் பெரிய மீன் ஒன்று சிக்கியது. முள்ளைத் தொண்டை வரை விழுங்கியிருந்தது. அளந்து பார்த்தார்கள். வைத்துக்கொள்ள அனுமதிக்கப்பட்ட அளவைவிட நீளம் அதிகம். சட்டப்படி உடனே நீரில் விட வேண்டும். விட்டோம். எல்லாரும் கை தட்டினார்கள். மாலையில் கரை திரும்பும்போது அதே அளவுள்ள மீன் ஒன்று வயிறு மேலாக மிதந்துகொண்டிருந்தது. அது என் மீன்தான் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் மனம் அப்படித்தான் சொல்கிறது. அதை எடுத்து உண்ணவும் எனக்கு அனுமதியில்லை. விட்டதால் அது பிழைக்கவுமில்லை. அந்த மீனுக்கு யார் பொறுப்பு, ஹஜ்ரத்?"

ஒரு மீனுக்காக இவ்வளவு கவலையா என்று வாசகர் சிலர் புன்னகை செய்யக்கூடும். நானும் முதலில் புன்னகைத்தேன். பிறகுதான் இது ஒரு மீனைப் பற்றிய கேள்வி மட்டுமன்று என்பது புலப்பட்டது. நமக்குத் தேவையில்லாத ஓர் உயிரை, நம் மகிழ்ச்சிக்காக மட்டும் துன்புறுத்த நமக்கு உரிமையுண்டா என்பதே அதன் உட்பொருள். என் பதிலை ஃபத்வாவாக எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கிதாபுகளையும் உலகச் செய்திகளையும் ஒருசேர வைத்துச் சிந்தித்த ஓர் ஆசிரியனின் ஒழுக்க விசாரணை என்றே கொள்ளுங்கள்.

ஏரிகளின் நாடு

முதலில் அந்த நாட்டின் இயல்பை அறிந்துகொள்வோம். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் வட அமெரிக்காவின் மேற்பகுதியை மூடியிருந்த பெரும் பனிப்பாளங்கள் உருகிப் பின்வாங்கியபோது, அவை தோண்டிவிட்ட பள்ளங்களில் நீர் நிறைந்து ஏரிகளாயின. மின்னசோட்டாவுக்குப் 'பத்தாயிரம் ஏரிகளின் நாடு' என்னும் பட்டப்பெயர் உண்டு. இது புகழ்ச்சி மிகுதியால் வந்த பெயரன்று. அடக்கமாகவே சொன்ன பெயர். பத்து ஏக்கருக்குக் குறையாத ஏரிகள் மட்டுமே அங்கு 11,842 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அண்டை மாநிலமான விஸ்கான்சினின் வடபகுதியும் எல்லைக்கு அப்பாலுள்ள கனடாவின் ஒன்டாரியோவும் இதே அமைப்புடைய நிலங்களே.

என் மாணவர் சென்ற மில் லாக்ஸ் ஏறத்தாழ 1,32,000 ஏக்கர் பரப்புடையது. 'ஆயிரம் ஏரிகள்' என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயர் அதற்கு. இவ்வளவு பரந்தும் அதன் மிகுந்த ஆழம் 42 அடி அளவே. அங்கே மக்கள் மிக விரும்பிப் பிடிப்பது 'வால்-ஐ' என்னும் மீன். அதன் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் ஒன்று இருப்பதால், இரவில் விளக்கொளி பட்டால் பூனைக்கண் போல் மின்னும். 1965இல் அது மின்னசோட்டாவின் மாநில மீனாக அறிவிக்கப்பட்டது. மே மாதத்தில் அம்மீன் பிடிக்கும் பருவம் தொடங்கும் நாள் அங்கு ஒரு திருநாள் போன்றது. மாநில ஆளுநரே தூண்டிலேந்தி அதைத் தொடங்கிவைக்கும் வழக்கம் 1948 முதல் இருந்து வருகிறது. குளிர்காலத்தில் ஏரி உறைந்து கல்லானால், பனியின் மேல் சிறு குடில்களை இழுத்துவந்து, துளையிட்டு, அதனூடே தூண்டிலிடுகிறார்கள். வடகோடியில், கனடா எல்லையையொட்டிப் பத்து லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட காடும் நீரும், பெரும்பாலும் இயந்திரப் படகுகளின் ஓசையின்றித் துடுப்புப் படகுகளுக்காகவே காக்கப்பட்டு வருகின்றன.

இவற்றையெல்லாம் வீண் கேளிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளிவிட முடியாது. பூமியில் சுற்றிப் பாருங்கள், படைப்பு எவ்வாறு தொடங்கிற்று என்று நோக்குங்கள் என்று நமக்குச் சொல்வது திருமறை. இடைவிடாத உழைப்பில் உள்ளம் களைத்துப்போகிறது, அளவான பொழுதுபோக்கு அதற்கு மருந்து என்று இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் விளக்குகிறார்கள். கூடவே, மருந்தை உணவைப் போல் உட்கொள்ளலாகாது என்னும் எச்சரிக்கையும் அவர்களிடம் உண்டு. ஆகவே ஏரிக்குப் போனது குற்றமன்று. விடியற்காலையில் ஃபஜ்ரு தொழுது, மூடுபனி விலகும் நீர்ப்பரப்பின்மேல் ஒரு படகில் அமர்ந்திருப்பது திக்ருக்கு மிகப் பொருத்தமான இடம் என்றே சொல்வேன். கேள்வி தூண்டில் முள்ளில்தான் தொடங்குகிறது.

கத்தியில்லாத அனுமதி

கடல் வேட்டையும் அதன் உணவும் உங்களுக்கும் பயணிகளுக்கும் பயனாக ஆகுமாக்கப்பட்டுள்ளன என்பது சூரத்துல் மாயிதாவின் கருத்து. ஏரி மீன் கடல் மீனாகுமா என்று ஐயுற வேண்டியதில்லை. அரபியில் 'பஹ்ரு' என்னும் சொல் உப்புக் கடலை மட்டும் குறிப்பதன்று. சூரத்து ஃபாத்திரில் இனிய நீரும் உவர்நீருமாகிய இரண்டு பஹ்ருகள் பேசப்படுகின்றன. இரண்டிலிருந்தும் புதிய இறைச்சியை நீங்கள் உண்கிறீர்கள் என்று அங்கே நினைவூட்டப்படுகிறது.

இந்த இரு இடங்களிலும் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஓரிடத்தில் 'மதாஅ' என்னும் சொல் வருகிறது. பயன் என்று பொருள். மற்றோரிடத்தில் உண்ணுதல் பேசப்படுகிறது. அனுமதி வரும்போதே அதன் காரணமும் உடன் வருகிறது. மீன் நமக்குத் தரப்பட்டது உணவுக்காக.

ஆட்டையோ கோழியையோ உண்ண வேண்டுமானால் அறுக்க வேண்டும். அறுப்பவர் அல்லாஹ்வின் பெயரைச் சொல்லி, கூரிய கத்தியால் விரைந்து அறுக்கிறார். அந்த ஒரு கணத்திலேனும் தாம் செய்வது இன்னதென்று அவருக்குத் தெரிகிறது. மீனுக்கு அறுப்பு இல்லை. அது செத்தாலும் ஹலால். இது அல்லாஹ் நமக்குத் தந்த பெரிய இலகு. ஆனால் இந்த இலகுவே நம்மை மறதியில் ஆழ்த்திவிடக்கூடும். கத்தி இல்லாத இடத்தில் அந்தக் கணத்தின் அச்சமும் இல்லாமல் போகிறது. மீனும் ஓர் உயிர் என்பது நினைவுக்கு வருவதில்லை. பூமியில் நடப்பனவும் சிறகடித்துப் பறப்பனவும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்று உணர்த்தும் திருவசனத்தின் ஒளியில் பார்த்தால், நீந்துவனவற்றை மட்டும் நாம் எப்படி ஒதுக்க முடியும்?

விளையாட்டும் உயிரும்

உயிருள்ள ஒன்றைக் குறிபார்க்கும் இலக்காக ஆக்குவதைப் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். இளைஞர் சிலர் ஒரு கோழியைக் கட்டிவைத்து அம்பெய்து விளையாடியதைக் கண்ட இப்னு உமர் (ரலி) அவர்கள், இத்தகைய செயல் நபிகளாரால் சபிக்கப்பட்டது என்று கடிந்துரைத்த செய்தி ஸஹீஹான தொகுப்புகளில் உள்ளது. ஒரு சிட்டுக்குருவியை அதன் உரிமையின்றிக் கொன்றவர் மறுமையில் அதற்காக விசாரிக்கப்படுவார் என்றும், அறுத்து உண்பதே அதன் உரிமை, கொன்று எறிவதன்று என்றும் கருத்தமைந்த அறிவிப்பு நஸாயீயில் காணப்படுகிறது. அதன் அறிவிப்புத் தொடரைப் பற்றி வல்லுநர்களிடையே பேச்சு உண்டு. ஆயினும் அதன் உட்கருத்தை மற்ற ஸஹீஹான ஹதீஸ்கள் தாங்கி நிற்கின்றன.

உயிரை எடுக்கும்போதுங்கூட அழகிய முறையைக் கைக்கொள்ளுமாறு பணிக்கும் நபிமொழியை நாம் அறிவோம். கொல்லும் செயலிலும் 'இஹ்ஸான்' கேட்கும் மார்க்கம், கொல்லாத விளையாட்டில் கொடுமைக்கு இடமளிக்குமா?

ஹாஃபிழ் இப்னு ஹஜர் அல்-அஸ்கலானீ (ரஹ்) அவர்கள் 'ஃபத்ஹுல் பாரீ'யில் வேட்டையைப் பற்றிப் பேசுமிடத்தில் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறார்கள். வாழ்க்கைத் தேவைக்காக வேட்டையாடுவது கூடும். பொழுதுபோக்காக வேட்டையாடினாலும், கிடைத்ததை உண்டு பயன்பெறும் எண்ணம் இருந்தால் பெரும்பாலோர் கூடும் என்றனர். இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் அதையும் வெறுத்தார்கள். பயன்பெறும் எண்ணமே இல்லையென்றால் அது விலக்கப்பட்டதாகிவிடும். ஏனெனில் வீணாக ஓர் உயிரை அழிப்பது பூமியில் குழப்பம் செய்வதன் ஒரு வகை. இதுவே அவர்கள் கூறியதன் சாரம்.

இந்த இடத்தில் என் மாணவரின் தோழர்கள் எழுந்து நின்று ஒரு நியாயமான மறுப்பைச் சொல்லக்கூடும்: "நாங்கள் அழிக்கவில்லையே! பிடித்தோம், படமெடுத்தோம், திரும்ப விட்டுவிட்டோம். கொன்று தின்பவனைவிட நாங்கள் இரக்கமுள்ளவர்கள் அல்லவா?"

மூன்று மறுப்புகள்

இந்த வாதத்தை அலட்சியமாகத் தள்ளக்கூடாது. இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் பேசியது உயிரை அழிப்பதைப் பற்றி. விடப்பட்ட மீன்களுள் பெரும்பாலானவை பிழைத்துப் போகின்றன. ஆகவே அவர்களுடைய சொல்லை அப்படியே இங்கே பொருத்திவிடுவது முறையாகாது. இக்காலத்து ஆலிம்களிடையே இதில் கருத்து வேறுபாடு இருப்பதும் அதனால்தான். எனினும் உயிரை அழித்தல் ஒன்று, உயிரை வதைத்தல் வேறொன்று. பூனையைக் கட்டிவைத்த பெண்ணின் வரலாற்றை நாம் குழந்தைகளுக்குச் சொல்கிறோம். அவள் அதை அறுக்கவில்லை, அடிக்கவில்லை. உணவும் கொடாமல், தானே இரை தேடவும் விடாமல் வைத்திருந்தாள். அதுவே அவளுக்குக் கேடாயிற்று. முள்ளால் வாய் கிழிந்து, மூச்சுத் திணறி, கைகளில் புரண்டு, பின்பு நீருக்குத் திரும்பும் மீனுக்கு நாம் கொடுத்தது என்ன? அதற்கு முன்பே சொந்தமாயிருந்த நீரைத்தான் அதற்குத் திரும்பக் கொடுத்தோம். இடையில் நாம் சேர்த்தது புண் ஒன்றே. பறித்ததைத் திரும்பக் கொடுப்பது கடமை. அதற்குக் கொடை என்று பெயரிட முடியாது.

இரண்டாவது மறுப்பு, மீனுக்கு வலி தெரியாது என்பது. 2002இல் ஜேம்ஸ் ரோஸ் என்னும் அமெரிக்க அறிஞர், மனித மூளையில் வலியை உணரக் காரணமான மேற்புறணி மீனுக்கு இல்லை, ஆகவே அதற்கு நம்மைப் போன்ற வலியுணர்வு இருக்க இயலாது என்று வாதிட்டார். அடுத்த ஆண்டே, 2003இல், ஸ்காட்லாந்தில் லின் ஸ்னெடனும் உடன் ஆய்வாளர்களும் வேறொன்றைக் கண்டார்கள். டிரவுட் மீனின் முகத்திலும் உதட்டிலும் தீங்கை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. உதட்டில் காடி அமிலம் செலுத்தப்பட்ட மீன்கள் தரையில் அசைந்தாடின, உதட்டைக் கற்களில் தேய்த்தன, வெகுநேரம் இரையெடுக்கவில்லை. விஞ்ஞானிகளின் விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் ஒழுக்கத்தின் முடிவுக்கு அந்த விவாதம் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஐயத்துக்குரியதை விட்டு ஐயமற்றதைப் பற்றிக்கொள்ளும்படி நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. வலி உண்டா இல்லையா என்று தெரியாத நிலையில், விளையாட்டுக்காக ஏன் அந்த ஆபத்தை மேற்கொள்ள வேண்டும்? பசித்தவனுக்குக் காரணம் உண்டு. பொழுது போகாதவனுக்கு அக்காரணம் இல்லை.

மூன்றாவது மறுப்பு வலுவானது. அந்த ஏரிகள் இன்று தூய்மையாக இருப்பதற்குத் தூண்டிற்காரர்களின் பணமும் ஒரு காரணம். 1950இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டமொன்றின்படி தூண்டில் முதலிய கருவிகளின் மீதான வரி மாநிலங்களின் மீன்வளப் பாதுகாப்புக்குச் செல்கிறது. உரிமச்சீட்டுக் கட்டணமும் அவ்வாறே. இதை நன்றியுடன் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும், ஒரு நன்மைக்காகப் பணம் கொடுத்ததனால் மற்றொரு செயலின் கணக்கு அழிந்துவிடுவதில்லை. பள்ளிவாசலுக்கு விளக்கு வாங்கிக் கொடுத்தவருக்கு அண்டை வீட்டாரின் வாய்க்காலை அடைக்க உரிமை வந்துவிடுமா?

விட்ட பின் நேர்வது

இனி மாணவரின் மனத்தை உறுத்திய மிதந்த மீனுக்கு வருவோம். அது அபூர்வமான விபத்தன்று. முள்ளை ஆழமாக விழுங்கிய மீனும், வெப்பம் மிகுந்த நீரில் பிடிபட்ட மீனும், விடப்பட்ட பின்னர் மாள்வது அதிகம். மில் லாக்ஸ் ஏரியின் வரலாறே இதற்குச் சாட்சி. அங்கு வால்-ஐ மீன்கள் குறைந்துபோனபோது, 2015 ஆகஸ்டில் அவற்றைப் பிடிக்கும் பருவம் இடையிலேயே முடிக்கப்பட்டது. 2016 கோடையில், பிடித்த வால்-ஐ எதையும் வைத்துக்கொள்ளலாகாது, விட்டுவிட வேண்டும் என்னும் விதி வந்தது. விட்டுவிடுவதால் மீன் காக்கப்பட்டுவிடும் என்றால் அத்துடன் சிக்கல் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. 2017 ஜூலையில், பிடித்து விடுவதையுங்கூட மூன்று வாரங்கள் நிறுத்தினார்கள். விட்டபின் மடியும் மீன்களையும் மாநில அரசு மதிப்பிட்டு, பிடித்த மீன்களின் கணக்கிலேயே சேர்த்து எழுதுகிறது.

எழுதிக்கொள்ளும் வானவர்களைப் பற்றி நாம் பேசுகிறோம். அங்கே ஓர் அரசு அலுவலகமே, கையில் எடுத்துச் செல்லாத மீனையும் பிடித்தவன் கணக்கில் எழுதுகிறது! "நான் விட்டுவிட்டேன்" என்னும் சொல் உலகக் கணக்கிலேயே ஏற்கப்படவில்லையென்றால், அதைவிட நுண்ணிய கணக்கில் அது எப்படி ஏற்கப்படும்?

சுவிட்சர்லாந்தின் 2008ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்பு ஒழுங்குவிதி, திரும்ப விடும் நோக்கத்துடனேயே தூண்டிலிடுவதைத் தடுக்கிறது. ஜெர்மானியச் சட்டமும் தக்க காரணமின்றி விலங்குக்குத் துன்பம் தருவதை ஏற்பதில்லை. அவர்கள் நம் கிதாபுகளைப் படித்து இச்சட்டங்களை இயற்றவில்லை. ஆயினும் சுவிஸ் விதி 'நோக்கம்' என்னும் அச்சாணியில் சுழல்வதைக் காணும்போது, ஸஹீஹுல் புகாரீயின் முதல் ஹதீஸ் யாருக்குத்தான் நினைவுக்கு வராது?

உண்பதற்காகப் பிடித்தவர்கள்

அந்த ஏரிகளுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. ஐரோப்பியர் வருமுன்பே அங்கு வாழ்ந்த ஓஜிப்வே மக்கள், வால்-ஐ மீனையும் ஏரிகளில் தானே விளையும் காட்டரிசியையும் உண்டு வாழ்ந்தவர்கள். இளவேனிலில் பனி உருகியவுடன், இரவில் பந்தம் ஏந்திப் படகில் சென்று, ஒளியில் மின்னும் கண்களைக் குறிவைத்து ஈட்டியால் மீன் பிடிப்பது அவர்களின் வழக்கம். வடக்கு விஸ்கான்சினில் அவர்களது ஊர் ஒன்றுக்கு 'பந்தங்களின் ஏரி' என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயரே நிலைத்துவிட்டது. 1837இல் அவர்கள் தங்கள் நிலத்தை அமெரிக்க அரசுக்கு ஒப்படைத்தபோது, அங்கே வேட்டையாடவும், மீன் பிடிக்கவும், காட்டரிசி சேகரிக்கவும் உள்ள உரிமையை உடன்படிக்கையில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். காலப்போக்கில் மாநிலங்கள் அதை மறந்தன. உணவுக்கு மீன் பிடித்தவர்கள் கைது செய்யப்பட்டார்கள்.

1983இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விஸ்கான்சினில் அந்த உரிமையை உறுதிசெய்தது. அதன் பின் சில ஆண்டுகள், இளவேனில் இரவுகளில் படகுத்துறைகளில் பெருங்கூட்டம் திரண்டது. ஈட்டியுடன் இறங்கிய ஓஜிப்வே குடும்பங்களின் மீது வசைச்சொற்களும் கற்களும் வீசப்பட்டன. எங்கள் விளையாட்டு மீன்களை இவர்கள் தின்று அழிக்கிறார்கள் என்பதே அந்தக் கூட்டத்தின் முறையீடு. அரசுகளும் பழங்குடி அமைப்புகளும் சேர்ந்து நடத்தி 1991இல் வெளியிட்ட ஆய்வு, ஈட்டிப் பிடிப்பால் மீன்வளம் கெடவில்லை என்று கண்டது. மில் லாக்ஸ் ஓஜிப்வே மக்களின் வழக்கில் 1999இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஐவருக்கு நால்வர் என்னும் குறுகிய பெரும்பான்மையில், 1837இன் வாக்குறுதி இன்னும் உயிருடன் இருக்கிறது என்று தீர்ப்பளித்தது.

இதில் நாம் ஆராய வேண்டிய ஒழுக்க வினோதம் ஒன்று உள்ளது. ஈட்டியால் குத்தி, வீட்டுக்குக் கொண்டுபோய், பிள்ளைகளுடன் உண்பவன் கொடியவனாகத் தெரிந்தான். முள்ளால் குத்தி, படமெடுத்து, நீரில் எறிபவன் நாகரிகமானவனாகத் தெரிந்தான். மனிதன் தன் பொழுதுபோக்கை எப்போது உரிமையாக எண்ணத் தொடங்குகிறானோ, அப்போது மற்றவனின் உணவு அவன் கண்ணுக்குக் குற்றமாகிவிடுகிறது.

அதற்காக, உண்பதற்கென்று பிடித்தால் எல்லாம் சரி என்றும் சொல்ல இயலாது. மின்னசோட்டாவின் ரெட் லேக் ஏரியில், ஓஜிப்வே மக்களின் வலைகளும் மற்றவர்களின் தூண்டில்களும் சேர்ந்து வால்-ஐ மீனை ஏறத்தாழ ஒழித்தேவிட்டன. அங்கு முதலில் கையை மடக்கியவர்கள் அந்த மக்களே. 1997இல் தங்கள் வலைகளைத் தாங்களே கரையேற்றினார்கள். 1999இல் மாநில அரசுடன் உடன்பாடு ஏற்பட்டு, ஏரி முழுவதிலும் வால்-ஐ பிடிப்பது நிறுத்தப்பட்டது, மீன்குஞ்சுகள் விடப்பட்டன. 2006இல் ஏரி மீண்டும் திறக்கப்பட்டபோது மீன்கள் நிறைந்திருந்தன. பிழைப்புக்கு அந்த மீனை நம்பியிருந்தவர்கள் பிழைப்பையே சில ஆண்டுகள் நிறுத்திவைத்தார்கள். உண்ணுங்கள், பருகுங்கள், வீண்விரயம் செய்யாதீர்கள் என்னும் இறைகட்டளையின் பிற்பாதியை நடைமுறையில் எப்படிச் செய்வது என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் வேண்டுமா?

மாணவருக்கு எழுதிய பதில்

இனி அவர் கேட்ட கேள்விக்கு நேராக வருகிறேன். அவருக்கு இரண்டு ஐயங்கள் இருந்தன. மிதந்த மீனை எடுத்து உண்டிருக்கலாமா என்பது ஒன்று. அதன் சாவுக்குப் பொறுப்பாளி யார் என்பது மற்றொன்று.

மீன் தானே செத்து வயிறு மேலாக மிதந்தால் அதற்கு ஃபிக்ஹு நூல்களில் 'தாஃபீ' என்று பெயர். நம் ஷாஃபிஈ மத்ஹபில் அது கூடும். ஹனஃபீ மத்ஹபில் கூடாது. ஆனால் அடிபட்டோ காயம்பட்டோ, தெரிந்த காரணத்தால் செத்த மீனை ஹனஃபீகளும் அனுமதிக்கிறார்கள். ஆகவே மார்க்கத்தின் பார்வையில் அந்த மீன் உண்ணத்தக்கதே. தடுத்தது மாநிலச் சட்டம். அளவு மீறிய மீன் பிழைக்காது என்று தெரிந்தாலும் அதை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அச்சட்டம். வீண்விரயம் போலத் தோன்றும். ஆனால் "செத்துவிடும் போலிருந்தது, எடுத்துக்கொண்டேன்" என்று ஒருவருக்கு வழி திறந்தால், எல்லா மீனும் செத்துவிடும் போலத்தான் இருக்கும். மேலும் அவர் உரிமச்சீட்டில் கையொப்பமிட்டவர். அது ஓர் உடன்படிக்கை. உடன்படிக்கைகளை நிறைவேற்றுங்கள் என்பதே, வேட்டையைப் பற்றிப் பேசும் அதே சூரத்துல் மாயிதாவின் முதல் கட்டளை. ஆகவே மீனை நீரில் விட்டதில் அவர் மீது குற்றமில்லை.

அப்படியானால் குற்றம் எங்கே? மீனை விட்ட இடத்தில் அதைத் தேடினால் கிடைக்காது. தூண்டிலை எறிந்த இடத்தில்தான் தேட வேண்டும். வெயில் மிகுந்த ஜூலையில், ஆழ்நீரில், பிடிபடுவது தனக்கு ஆகுமா ஆகாதா என்று அறியாமல், பிடிபட்டால் என்ன செய்வது என்று எண்ணாமல் ஒரு முள்ளை இறக்கினோமே, கணக்கு அங்கே தொடங்கிவிட்டது. பின்னால் வந்த சட்டமும் விடுதலையும் சாவும் அந்த ஒரு வீச்சின் கிளைகள். செயலின் முதல் நொடியில் சிந்தியாதவன், கடைசி நொடியில் காட்டும் இரக்கத்தைக் கொண்டு அதை ஈடுசெய்ய முயல்கிறான். இரக்கத்துக்கு உரிய நேரம் முள் நீரைத் தொடுவதற்கு முன்பு.

ஸப்து நாளில் மீன் பிடிக்கத் தடுக்கப்பட்ட கடற்கரை ஊராரின் வரலாற்றைத் திருமறை சொல்கிறது. அந்நாளில் மீன்கள் நீர்மேல் தலைகாட்டி வரும். மற்ற நாட்களில் வாரா. தடைநாளில் பொறி வைத்துவிட்டு, அடுத்த நாளில் எடுத்துக்கொண்டு, "நாங்கள் தடைநாளில் பிடிக்கவில்லையே" என்று அவர்கள் தந்திரம் செய்ததாக விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். "பிடித்தோம், ஆனால் வைத்துக்கொள்ளவில்லையே" என்னும் சொல்லிலும் அந்தத் தந்திரத்தின் சாயல் படியாமலிருக்கட்டும்.

இந்தக் குற்றம் தொலைதேசத்தாருக்கு மட்டுமே உரியதென்று நாம் நிம்மதியடைய வேண்டியதில்லை. சிறுவயதில் தும்பியைப் பிடித்து, வாலில் நூல் கட்டிப் பறக்கவிட்டு மகிழாத எத்தனை பேர் நம்மில் உண்டு? நானும் கட்டியிருக்கிறேன். அஸருக்குப் பாங்கு சொன்னதும் நூலை அறுத்து விட்டுவிட்டு ஓடுவோம். விட்டுவிட்டோம் என்று திருப்தி. அரை முழ நூலை வாலில் இழுத்துக்கொண்டு அந்தத் தும்பி எந்த வேலியில் சிக்கிற்று என்று நான் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. என் மாணவர் திரும்பிப் பார்த்தார். அந்த வகையில் அவர் என்னைவிடச் சிறந்தவர்.

அவருக்கு நான் எழுதியதன் சுருக்கம் இது: "தம்பி, ஏரிக்குப் போவதை விடாதே. தோழர்களையும் வெறுக்காதே, அவர்கள் அன்பாக அழைத்தார்கள். உண்பதற்கு மீன் வேண்டுமென்று நிய்யத் வைத்துத் தூண்டிலிடு. பிடிபடுவது உனக்கு ஆகுமான அளவினதாக இருக்கும் இடத்தையும் பருவத்தையும் கேட்டறிந்துகொள். உன் வீட்டாருக்குப் போதுமானது கிடைத்ததும் தூண்டிலைச் சுருட்டிவிடு. பிடித்ததை நீரில் விட்டே ஆக வேண்டும் என்று விதியுள்ள நாளில் துடுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போ. முள் இல்லாமலும் ஏரி அழகாகத்தான் இருக்கும். தவறி ஒரு மீன் உன்னால் வீணானால், அதற்காக இஸ்திஃக்ஃபார் செய். கை தட்டுகிறவர்களுடன் சேர்ந்து தட்டாதே."

சில மாதங்களுக்குப் பின் அவரிடமிருந்து பதில் வந்தது. பனி உறையுமுன் ஒருமுறை குடும்பத்துடன் சென்றாராம். மூன்று மீன்கள் கிடைத்தனவாம். மூன்றும் அன்றிரவே ஆணமாயின. அண்டை வீட்டாருக்கும் ஒரு கிண்ணம் போயிற்று. "இந்த முறை திரும்பிப் பார்க்க எதுவும் மிதக்கவில்லை, ஹஜ்ரத்" என்று எழுதியிருந்தார்.

அல்லாஹ் நமக்கு ஆகுமாக்கியவற்றை நன்றியுடன் உண்ணவும், நமக்குத் தேவையில்லாதவற்றை அவற்றின் நீரிலேயே நிம்மதியாக விட்டுவைக்கவும் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.